ரம்பம் கொண்டா, வாச்சி கொண்டா

என்னோடு முன்பு வேலை பார்த்த சிவபாலன் இப்போது ஷார்ஜாவிலிருந்து ஓடும் ஒரு சப்ளை போட்டில் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த ஆள். போன குளிர்காலத்தில் போன் செய்தான்.

“அண்ணே, நம்ம போட்டுல புதுசா ஒரு கேமரா மாட்டியிருக்காங்க. மூடுபனியில தண்ணிக்குள்ள ஆள் கிடந்தாலும் உடம்புச் சூட்டை வச்சு வெள்ளையா காட்டிக் குடுத்துடுது. இனிமே யாரும் காதைத் தீட்டிக்கிட்டு முன்னாடி நிக்க வேணாம்.”

நல்லது என்றேன். உண்மையாகவே மகிழ்ச்சிதான்.

“உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம என்னண்ணே பண்ணுவீங்க?”

“பயப்படுவோம்” என்றேன்.

அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான். ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். கடலுக்குப் போகிற குடும்பம் இல்லை. அப்பா வயலில் கூலி. பம்பாயில் ஒரு பயிற்சி, துபாயில் இழுவைப் படகில் கயிறு இழுத்த சில வருடங்கள், இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறிய பரீட்சை, அதன் பிறகு மேட் வேலை. படிப்பைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கடலை நான் கற்றுக்கொண்டது பரீட்சையில் இல்லை.

வளைகுடா என்றால் நம் ஊரில் வெயிலைத்தான் நினைப்பார்கள். அங்கே கடலில் வேலை செய்தவனைக் கேட்டால் குளிர்காலத்து விடிகாலைப் பனியைச் சொல்வான். காற்று செத்துப் போயிருக்கும். தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும். சூரியன் ஏறிய பிறகும் விலகாமல், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. மேலே வெளிச்சம் இருப்பது தெரியும். நம் படகின் முனை தெரியாது. இருட்டில்கூட தூரத்து விளக்கு ஒன்று கண்ணில் படும். அந்த வெள்ளையில் ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், சத்தத்துக்குத் திசை இல்லாமல் போய்விடும். வலப்பக்கம் கேட்ட இன்ஜின் இடப்பக்கத்திலிருந்து வரும். முதல் தடவை முன்தளத்தில் காவல் நின்றபோது ஒரு மரப்படகின் இன்ஜின் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது. நான் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தேன்.

நான் கடைசியாக நெடுநாள் வேலை செய்த போட்டில் எங்கள் செராங், கப்பல் ஆட்களுக்குத் தலைவர், ராஷித். ஓமானில் முசந்தம் மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே பிறந்தவர். அவர் அப்பா பாய்மரப் படகில் சரக்கு ஏற்றியவர். ராஷித் ஒரு கயிற்றை எறிந்தால் அது விழ வேண்டிய இடத்தில் போய் விழும். படகை அவர் அளவுக்குக் கையாளத் தெரிந்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை. அரபி கலந்த இந்தி பேசுவார். நான் தமிழ் கலந்த இந்தி. நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வோம்.

மாலையில் வேலை ஓய்ந்து தேநீரோடு உட்காரும்போது அவர் தன் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்வார். உம் துவைஸ். பேரழகி. அவள் வருமுன் அத்தர் வாசனை வரும். பின்னாலேயே போகிறவனுக்கு அவள் கை அரிவாளாக இருப்பது கடைசியில்தான் தெரியும். கால் கழுதைக் கால். நான் எங்கள் பக்கத்து மோகினியைச் சொன்னேன். மல்லிகைப்பூ வாசனை, வெள்ளைச் சேலை, கால் தரையில் பாவாது. ஆற்றங்கரையில் குடியிருக்கும் கன்னிமாரைச் சொன்னேன். உச்சி வேளையில் அவர்கள் குளிக்கிற துறையில் இறங்கினால் காய்ச்சல் கண்டு ஆள் படுத்துவிடுவான். ராஷித் ஒவ்வொன்றையும் மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

“கால்” என்றார். “உன் ஊரிலும் கால். என் ஊரிலும் கால். அதுங்களால எல்லாத்தையும் மனுஷன் மாதிரி பண்ண முடியும் பெருமாள். காலை மட்டும் முடியாது.”

இவர்களை எல்லாம்விட அவர் உண்மையிலேயே அஞ்சியது ஒன்றுக்குத்தான். பாபா தர்யா. கடலின் தகப்பன். அவர்கள் கடற்கரை முழுக்க அந்தப் பெயர் உண்டு. தண்ணீரில் விழுந்த மனிதன் மாதிரி அது உதவி கேட்டுக் கூப்பிடுமாம். இரக்கப்பட்டு மேலே ஏற்றினால் முதலில் சாப்பாட்டைத் தின்னும், பிறகு ஆட்களைத் தின்னும், கடைசியில் படகை உடைக்கும். அதற்கு ஒரே பயம் தச்சன் சாமான், அறுக்கிற ரம்பமும் மரம் செதுக்குகிற வாச்சியும். எனவே குரல் கேட்டதும் படகில் உள்ளவர்கள் கூடி உரக்கக் கத்த வேண்டும்: “ரம்பம் கொண்டா! வாச்சி கொண்டா!” மீஷார், ஜதூம் என்று அரபியில். வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து அது ஓடிவிடும்.

“கத்தின உடனே குரல் நின்னுடும்” என்றார் ராஷித். “அதை வச்சுத்தான் அது மனுஷன் இல்லைன்னு தெரிஞ்சுக்கணும்.”

நான் தலையாட்டினேன். அதில் தவறாக எதுவும் எனக்கு அப்போது படவில்லை.

எங்கள் கேப்டன் சாவந்த். ரத்னகிரிக்காரர். ஒல்லி. மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நிலைமை மோசமாக ஆக அவர் குரல் தாழும். காதில் சொல்கிற அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவோம். உத்தரவு போட மாட்டார், கேள்வி கேட்பார். “பெருமாள், அந்தக் கயிறு இன்னும் எவ்வளவு தாங்கும்னு நினைக்கிற?” என்றால், உடனே மாற்று என்று பொருள்.

அவரை நான் புரிந்துகொண்டது முசந்தத்தில் ஒரு மலை இடுக்குக்குள், காற்றுக்கு ஒதுங்கி நங்கூரமிட்டிருந்தபோது. மதியச் சாப்பாடு முடிந்த வேளை. எங்கள் சமையல்காரர் முகம் வெளுத்து பிரிட்ஜுக்கு, படகை ஓட்டும் மேல் அறைக்கு, ஏறி வந்தார். கீழே அறைகளுக்கு நடுவே உள்ள நடைவழியில் அத்தர் வாசனை. வழியின் கோடியில் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தாராம். அவருக்கு நிற்கவே முடியவில்லை. ராஷித் அந்தக் கணமே ஓத ஆரம்பித்துவிட்டார். சுற்றிலும் செங்குத்தான பாறை, ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை.

நான் கேப்டன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கீழே போனார். நடைவழியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“வாசனை எனக்கும் வருது” என்றார். “எங்கேருந்து?”

ஒவ்வொரு கதவாகத் திறந்து மோந்துகொண்டே போனார். நாங்கள் பின்னால் போனோம். பெயின்ட் அறையில் ஒரு தின்னர் டின் தையல் விட்டு ஒழுகியிருந்தது. அதன் ஆவி ஒயர் போகும் துளை வழியாக நடைவழிக்கு வந்திருந்தது. அழுகிய பழம் மாதிரி இனித்த வாசனை. ஒரு தீப்பொறி போதும், படகு எரிந்திருக்கும். அடுப்பை அணைக்கச் சொன்னார். கதவுகளைத் திறந்து போட்டோம். சமையல்காரர் மேல்தளத்தில் காற்றில் படுத்து வாந்தி எடுத்து மெல்லத் தெளிந்தார்.

“அப்ப அந்தப் பொண்ணு சாப்?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது. நான் வாசனையைத்தான் தேடினேன்.” கண்ணாடியைத் துடைத்தார். “பயந்தவன் மூக்கை நம்பணும் பெருமாள், காதை நம்பணும். அதுக்கு அவன் சொல்ற கதையை அப்புறம் பாத்துக்கலாம்.”

இனி அந்தப் பனிநாள்.

எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்றுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் இறக்கிவிட்டு ஷார்ஜாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் பனி எங்களை மூடியது. பனி மூடினால் செய்யவேண்டியவை உண்டு. வேகத்தைக் குறைக்க வேண்டும். இடைவெளி விட்டு விட்டு ஹாரன் நீளமாக ஊத வேண்டும். முன்தளத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சாவந்த் இதோடு தன்னுடையதையும் சேர்த்திருந்தார். பிரிட்ஜின் இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்துவைப்பார், எவ்வளவு குளிராக இருந்தாலும். ஏசி, பாட்டு, பேச்சு எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை ஹாரன் ஓய்ந்ததும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். அதற்கு வெள்ளையிலிருந்து ஒரு பதிலும் வராமல் இருந்தால் மூச்சை விடுவோம்.

ரேடாரில் நான் நின்றேன். பெரிய கப்பல்கள் தெரிந்தன. சின்ன மீன்பிடிப் படகுகள் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தண்ணீரில் கிடக்கும் ஒரு தலை தெரியவே தெரியாது.

ராஷித் முன்தளத்தில் இருந்தார். அவர் தன் இடத்தை விட்டு அசையாதவர். அவர் பிரிட்ஜுக்குள் வந்து நின்றதும் நான் ரேடாரிலிருந்து நிமிர்ந்தேன்.

“கேப்டன் சாப். கூப்பிடுது.”

“யாரு?”

ராஷித் பெயரைச் சொல்லவில்லை. “யா அகூய், யா அகூய்னு. தம்பி, தம்பின்னு எங்க ஊர்ப் பேச்சுல.”

சாவந்த் இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதி என் காதை அடைத்தது. படகின் ஓரத்தில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும். பிறகு நானும் கேட்டேன். தூரத்தில், அல்லது பக்கத்தில், எந்தத் திசை என்று சொல்ல முடியாமல்:

“அண்ணே... அண்ணேய்...”

கரை தெரியாத கடலில், ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து, என் பாஷையில் என்னை யாரோ கூப்பிடுகிறார்கள்.

“தமிழ் சாப்” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “அண்ணேன்னு கூப்பிடுது.”

ராஷித் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா? எனக்கு அரபி. உனக்கு மதராசி. அதுக்கு எல்லா பாஷையும் வரும் பெருமாள். யாருக்கு எது வேணுமோ அதுல கூப்பிடும்.”

அவர் சொன்னதை நான் நம்பினேன் என்று எழுதினால் அது பொய். நம்பவில்லை என்று எழுதினாலும் பொய்தான். அந்த நேரத்தில் என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்களா?” என்றார் கேப்டன். குரல் தாழ்ந்துவிட்டது.

நான் ஓடிப்போய் ஒவ்வொரு அறையாகத் தட்டி ஆட்களை வெளியே வரச் செய்தேன். எல்லாரும் இருந்தார்கள். விழுந்தது எங்கள் ஆள் இல்லை. கேப்டன் வயர்லெஸ்ஸில் அக்கம்பக்கத்துக் கப்பல்களைக் கேட்டார். யாருக்கும் ஆள் குறையவில்லை. கரையோரக் காவலுக்கு எங்கள் இடத்தைச் சொன்னார். அவர்களுக்கும் எந்தத் தகவலும் இல்லை. ஒவ்வொரு பதிலும் “மாஃபி, மாஃபி”, இல்லை, இல்லை, என்று வரவர ராஷித்தின் முகம் இறுகிக்கொண்டே போனது. எந்தப் படகிலும் ஆள் குறையவில்லை என்றால் தண்ணீரில் கிடப்பது ஆள் இல்லை.

அவர் திடீரென்று முன்தளத்துக்கு ஓடினார். கைகளை வாயருகே குவித்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

“ஹாத்தல் மீஷார்! ஹாத்தல் ஜதூம்!”

ரம்பம் கொண்டா. வாச்சி கொண்டா. மூன்று, நான்கு தடவை கத்தினார். பனி அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

குரல் நின்றுவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. ராஷித் திரும்பி வந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

“கலாஸ்” என்றார். “போயிடுச்சு. ஓடிடுச்சு.”

எனக்கும் நெஞ்சு லேசானது. அதை மறைக்க விரும்பவில்லை. ஓடிவிட்டது என்ற சொல் அவ்வளவு இனிமையாக இருந்தது.

சாவந்த் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “தண்ணியில கூப்பிட்டுக்கிட்டிருந்த ஒண்ணு கூப்பிடறதை நிறுத்திடுச்சு. நம்ம வேலையில அது நல்ல சேதியா ராஷித்?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சின்ன போட்டை இறக்கணும். பெருமாள், உன் பாஷை. நீ போறியா?”

கேள்விதான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி சாப் என்று என் வாய் சொன்னது.

“படகு யாரு ஓட்டுறது?”

ராஷித் என்னைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். “நான் செராங். படகு என்னோடது” என்றார். உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து ஒரு ரம்பத்தை எடுத்து வந்தார். கேப்டன் அதைப் பார்த்தார். வழிவிட்டார்.

பனியில் சின்ன படகை இறக்குவது எளிய காரியம் இல்லை. சில கெஜம் விலகினாலே தாய்ப்படகு மறைந்துவிடும். கேப்டன் எங்களிடம் ஒரு திசைகாட்டியும் கை வயர்லெஸ்ஸும் தந்தார். தாய்ப்படகில் இடைவிடாமல் மணி அடிக்க ஆள் போட்டார், நாங்கள் திரும்பி வர அது ஒன்றுதான் வழி. தண்ணீரில் ஆள் கிடக்கும்போது பெரிய படகின் விசிறியைச் சுழற்றக் கூடாது. ஆகவே அவர்கள் அசையாமல் கிடப்பார்கள். போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

போனோம். ராஷித் சின்ன இன்ஜினை மெல்ல ஓட்டினார். ரம்பம் அவர் முழங்கால்களுக்கு நடுவே நின்றது. உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. கொஞ்ச தூரம் போய் இன்ஜினை அணைப்போம். நான் கூப்பிடுவேன்: “யாருப்பா? எங்கப்பா இருக்கே?” பதில் இல்லை. பின்னால் மணிச்சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. மீண்டும் கொஞ்ச தூரம். மீண்டும் அமைதி. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அதில் உருவங்கள் நடமாடத் தொடங்கின. ஒரு கை. ஒரு கூந்தல். கண்ணை மூடித் திறந்தால் ஒன்றும் இல்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை நிறுத்தியபோது ஒரு சத்தம். மனிதச் சத்தம் இல்லை. டொக், டொக் என்று பிளாஸ்டிக்கில் தண்ணீர் அறைகிற சத்தம். மீன்கூண்டுகளுக்கு அடையாளமாகக் காலி கேன்களைக் கட்டி மிதக்கவிடுவார்கள். அந்தக் கேன்தான் என்று ராஷித் சைகை காட்டினார். அதன் பக்கத்திலிருந்து, அடக்கியும் அடங்காமல், ஓர் இருமல் வந்தது.

துடுப்பால் தள்ளிக்கொண்டு போனோம். பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கேனும் அதைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தலையும் வந்தன. உதடு நீலம். கண் விரிந்து நிலைகுத்தியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த முகம் மலரவில்லை. அவன் பார்வை ராஷித்தின் முழங்காலில் போய் நின்றது. ரம்பம்.

“வராத!” என்று அலறினான். குரல் கிழிந்திருந்தது. “கிட்ட வராத!”

சொல்லிவிட்டுக் கேனை விட்டான். தலை தண்ணீருக்குள் போனது.

“ராஷித், அதைத் தூக்கிப் போடு!” என்று தமிழில் கத்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் உயிருக்குக் காவல் என்று கொண்டுவந்த ரம்பத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் கடலில் வீசினார்.

தலை மேலே வந்தது. மீண்டும் கேனைப் பற்றினான். நான் துடுப்பை நீட்டினேன், காலால் உதைத்துத் தள்ளினான். தண்ணீரில் வெகுநேரம் கிடந்த உடம்பு அவ்வளவு பலமாக உதைக்கும் என்று நினைக்கவில்லை. அது பயத்தின் பலம்.

“நான் தமிழ்க்காரன்ப்பா! நாகப்பட்டினம்! பேரு கலியபெருமாள்!”

“ரம்பத்தைத் தூக்கிப் போட்ருச்சு. அதுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்” என்றான். பல் கிட்டியது. “நகுதா சொல்லியிருக்காரு. அதுக்கு எல்லாம் தெரியும்.”

நகுதா என்றால் மீன்பிடிப் படகின் தலைவர். இவன் படகிலும் அதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

“அப்ப நான் என்னதாண்டா பண்ணட்டும்?”

அவன் என்னை வெறித்தான். “காலைக் காட்டு.”

நான் உட்கார்ந்து பாதுகாப்பு பூட்ஸை அவிழ்க்கத் தொடங்கினேன். விரல்கள் மரத்திருந்தன, கயிறு அவிழவில்லை. ராஷித் என்ன நடக்கிறது என்று கேட்கவே இல்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். சாக்ஸையும் உருவி எறிந்து, படகின் விளிம்பில் உட்கார்ந்து வலது காலைத் தண்ணீருக்கு மேலே நீட்டினேன். அவன் ஒரு கையை எட்டி நீட்டி என் குதிகாலைத் தொட்டான். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். கட்டைவிரல் நகம் எனக்குச் சின்ன வயதிலேயே சிதைந்தது, அதையும் தடவினான். பிறகு காலை இறுகப் பிடித்துக்கொண்டு, “அண்ணே” என்று அழ ஆரம்பித்தான்.

காலைப் பிடித்த கையை அவன் விடவில்லை. ராஷித் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அப்படியே இழுத்துப் படகில் போட்டோம். மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

அவன் பெயர் முனியசாமி. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை. ஒப்பந்தத்தில் மீன்பிடிப் படகுக்கு வந்தவன். கருக்கலில் கூண்டு இறக்கும்போது கயிறு காலில் சிக்கி விழுந்திருக்கிறான். பனியில் அவன் படகு தெரியாமலே போய்விட்டது. அவனைக் காணோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது பிறகுதான். ஈரத்துணியைக் களைந்து கம்பளி சுற்றி, சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து, சர்க்கரை நிறையப் போட்ட வெதுவெதுப்பான தேநீரை மெல்ல மெல்லக் கொடுத்தோம். கரையோரக் காவல் படகு வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது. பிழைத்தான். அதற்குப் பின் கடலுக்குப் போகவில்லை. இப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. ஒருமுறை பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ இரும்பை அறுக்கத் தொடங்க, அவன் கையிலிருந்த கிளாஸ் நழுவியது. என் நிலைமையும் பெரிதாக உசத்தி இல்லை. துபாய் அல் குசைஸில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போது கடைத்தெருவில் யாராவது யாரையாவது “அண்ணே” என்று கூப்பிட்டால், என்னை இல்லை என்று தெரிந்தும் நின்று திரும்பிப் பார்க்கிறேன். பார்க்காமல் நடக்க முடிவதில்லை.

ஆனால் அன்று நடந்தது இதோடு முடியவில்லை. காவல் படகு வருவதற்கு முன்பு, முனியசாமி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ராஷித் அவன் எதிரே வந்து உட்கார்ந்தார். என்னிடம் சொன்னார்: “அவனைக் கேளு. நான் கத்தினது அவனுக்குக் கேட்டுதா?”

கேட்டேன். “கேட்டுச்சுண்ணே” என்றான் முனியசாமி. “ஹாரன் சத்தம் கேட்டு நான் அரபியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அப்ப மீஷார், ஜதூம்னு சத்தம் வந்துச்சு. அது வந்தாத்தான் அப்படிக் கத்துவாங்கன்னு எனக்குத் தெரியும்ல. அப்ப அது பக்கத்துல வந்துருச்சு, எனக்கும் கப்பலுக்கும் நடுவுல தண்ணியில கிடக்குதுன்னு நினைச்சேன். நான் சத்தம் போட்டா நான் இருக்குற இடம் அதுக்குத் தெரிஞ்சிரும்ல. அதான் வாயைப் பொத்திக்கிட்டேன். நீங்க தமிழ்ல கூப்பிட்டீகளே, அப்பவும் பொத்திக்கிட்டேன்.”

நான் இந்தியில் சொன்னேன். ராஷித் முழுவதும் கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“எங்க அப்பா ஒரு தடவை கேட்டிருக்கார்” என்றார் பிறகு. “நான் பொறக்கறதுக்கு முன்னாடி. இதே கடல், இதே மாதிரி பனி. படகுல எல்லாரும் சேர்ந்து கத்தினாங்க. குரல் நின்னுடுச்சு. ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னார். நாங்க குழந்தைங்க அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேப்போம். குரல் நின்ன இடம் வந்ததும் கை தட்டுவோம்.”

“அன்னிக்கு யாரும் இறங்கிப் போய்ப் பார்க்கல” என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

முனியசாமியைக் காவல் படகில் ஏற்றி அனுப்பிய பிறகு பனி கிழிந்து விலகத் தொடங்கியது. அடிவானம் வரைக்கும் கடல் தெரிந்தது. ஒரு படகு இல்லை, ஒரு கேன் இல்லை. ராஷித் முன்தளத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் பிரிட்ஜுக்கு வந்தார்.

“கேப்டன் சாப். ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போகலாமா?”

நான் குறுக்கே பேசினேன். “ராஷித் பாய், வேற யாரும் விழலையே. அவன் ஒருத்தன்தான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேப்டனைத்தான் பார்த்தார்.

கீழே சாப்பாட்டு அறையில் பேசியது எதுவும் சாவந்துக்குத் தெரியாது. ஆனாலும் அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு பக்கக் கதவுகளும் இன்னும் திறந்தே இருந்தன. இன்ஜினை மிக மெதுவாக வைத்து, சுக்கானைத் திருப்பினார். வெயில் விழுந்து மின்னிய அந்த வெறும் கடலில் எங்கள் படகு பெரிய வட்டமாக ஒரு முழுச் சுற்று சுற்றியது. ராஷித் முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.